எமுலேட்டரில் ஓடும் எஸ்எஸ்டிக்கு டிரிம் சொல்லிக் கொடுப்பது எப்படி?

வியாசர்பாடியிலிருந்து எழுதும் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கேள்வி இது. எஸ்எஸ்டியை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் ஃபெமு எமுலேட்டரைப் பார்த்து, அதே பாணியில் சின்னதாக ஒரு என்விஎம்இ (கணினியும் எஸ்எஸ்டியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) எஸ்எஸ்டியைச் சொந்தமாக எழுதியிருக்கிறார். எமுலேட்டருக்குள் ஓடும் கெஸ்ட் லினக்ஸில், வேண்டாத இடங்களை டிரைவுக்குச் சொல்லும் எஃப்எஸ்டிரிம் கமாண்டை ஓட்டினால், இந்த டிரைவில் அந்த வசதி இல்லை என்று வந்ததாம். கன்ட்ரோலர் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு பிட்டை ஏற்றினார். 'இடத்தை விடுவி' என்னும் டீஅலொகேட் கமாண்ட் வந்தால் 'வெற்றி' என்று திருப்பி அனுப்ப இரண்டு வரி சேர்த்தார். இப்போது 9 ஜிபிக்கு மேல் டிரிம் ஆனதாக எஃப்எஸ்டிரிம் சொல்கிறது. ஆனால் டிரைவுக்குள் இடம் ஒழிக்கும் வேலையான கார்பேஜ் கலெக்‌ஷன் எண்ணிக்கை துளியும் குறையவில்லை. கியூஎம்யூ என்னும் எமுலேட்டரில் ஏற்கெனவே இருக்கும் என்விஎம்இ டிரைவில் முயன்றால் அங்கேயும் ஹோஸ்ட்டில் (எமுலேட்டரை ஓட்டும் உண்மையான கணினியில்) இருக்கும் இமேஜ் ஃபைல் சுருங்கவில்லை. "எந்த ஃபங்ஷனில் கோடு சேர்க்கணும், மூன்று வாரத்தில் முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் ஃபங்ஷனின் பெயரைக் கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பதில் வேறு. 'இந்த இடம் எனக்கு இனி வேண்டாம்' என்று கெஸ்ட் சொன்னால், டிரைவுக்குள் எந்தெந்தக் கணக்குப் புத்தகம் மாற வேண்டும் என்பதே அது. நான் பதினெட்டு வருடமாக ஸ்டோரேஜ் ஃபர்ம்வேர் சோதனையில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் எமுலேட்டர்களோடு. உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் ஸ்பெசிஃபிகேஷன் சொல்வது எது, என் அனுபவத்தில் வந்த கருத்து எது என்று பிரித்தே சொல்கிறேன்.

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். என் பெரியப்பா பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். கடை அங்கே, குடோன் கொருக்குப்பேட்டையில். ஒரு பார்ட்டி ஆர்டரை ரத்து செய்தால் கடையின் லெட்ஜரில் அந்த வரியை அடித்துவிடுவார்கள். குடோனுக்குச் சொல்லி அனுப்பாவிட்டால், அங்கே இருப்பவர் அந்த பேலை விற்கப்போகும் சரக்காகவே பத்திரமாக வைத்திருப்பார். புதுச் சரக்கு வரும்போது இடம் ஒழிக்க அதையும் தோளில் தூக்கி அடுத்த அறைக்கு மாற்றுவார். ஃபைலை அழிக்கும்போது ஃபைல் சிஸ்டம் அடிப்பது கடை லெட்ஜரில் இருக்கும் வரியை. டிரிம் என்பது குடோனுக்குப் போகும் அந்தத் தகவல். உங்கள் எமுலேட்டரில் தகவல் வந்து சேர்ந்தது, வாங்கியவர் 'சரி' என்றும் சொல்லிவிட்டார், ஆனால் குடோன் நோட்டில் எதையும் எழுதவில்லை. எஃப்எஸ்டிரிம் காட்டும் எண் ஃபைல் சிஸ்டம் எவ்வளவு அனுப்பியது என்பதை மட்டும் சொல்கிறது. டிரைவ் எவ்வளவை விடுவித்தது என்பது அதற்குத் தெரியாது.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நாண்ட் ஃப்ளாஷ் மெமரியில் எழுதிய பேஜின் மேலேயே திரும்ப எழுத முடியாது. அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்த ஒரு எரேஸ் பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அதனால்தான் உள்ளே எந்தப் பேஜ் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு மேப்பிங் டேபிளும், உயிருள்ள பேஜ்களை வேறிடத்துக்கு நகர்த்தி பிளாக்கைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்‌ஷனும் தேவைப்படுகின்றன. டிரைவுகளை இணைக்கும் வேறு நெறிமுறைகளில், ஏடிஏ உலகில் இந்தத் தகவலுக்குப் பெயர் டிரிம், ஸ்கஸியில் அன்மேப். 2011இல் வந்த என்விஎம்இ 1.0இல் இது டேட்டாசெட் மேனேஜ்மென்ட் என்ற கமாண்டுக்குள் டீஅலொகேட் என்ற ஒரு பிட்டாக இருக்கிறது. இந்தக் கமாண்ட் ஒரு ஆலோசனைதான். கன்ட்ரோலர் எதுவும் செய்யாமல் வெற்றி என்று திருப்பினாலும் அது விதிமீறல் இல்லை. ஆக, நீங்கள் எழுதிய இரண்டு வரி ஸ்பெசிஃபிகேஷன்படி தவறே இல்லை. உங்களுக்குப் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். அறிவிப்பை நீங்கள் ஏற்கெனவே சரியாகச் செய்திருக்கிறீர்கள்: ஐடென்டிஃபை கன்ட்ரோலர் தகவலில் 520, 521ஆம் பைட்டுகள், அதில் பிட் 2 (பூஜ்யத்திலிருந்து எண்ணி). அதைப் பார்த்துத்தான் லினக்ஸ் டிரைவர் டிஸ்கார்டை (டிரிம்முக்கு லினக்ஸ் வைத்த பெயர்) திறந்துவிடுகிறது. கெஸ்ட்டில் எல்எஸ்பிஎல்கே கமாண்டை டிஸ்கார்ட் விருப்பத்தோடு ஓட்டி, அதிகபட்ச அளவு பூஜ்யமாக இல்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

கமாண்டைப் பிரித்துப் படிக்கும் இடத்தில் நிதானமாக இருங்கள். ஐ/ஓ கமாண்ட் எண் 9. பூஜ்யத்திலிருந்து எண்ணினால், அதன் பத்தாவது டபுள்வேர்டில் (நான்கு பைட் துண்டு) கடைசி எட்டு பிட்டுகள் எத்தனை ரேஞ்ச் வருகிறது என்பதைச் சொல்கின்றன. பதினோராவது டபுள்வேர்டின் பிட் 2 ஏறியிருந்தால்தான் அது டீஅலொகேட். ஏறாவிட்டால் மற்றவை வெறும் குறிப்புகள், ஒன்றும் செய்யாமல் வெற்றி சொல்லிவிடலாம். ரேஞ்ச் ஒவ்வொன்றும் 16 பைட்: முதல் நான்கு பைட் தன்மைகள், அடுத்த நான்கு நீளம், கடைசி எட்டு பைட் தொடக்க எல்பிஏ (லாஜிக்கல் பிளாக் எண்). அதிகபட்சம் 256 ரேஞ்ச், ஆக 4096 பைட். ஒரு மெமரி பேஜுக்குள் அடங்கும் என்று நினைத்து முதல் பிஆர்பியை (டேட்டா இருக்கும் மெமரி முகவரியை) மட்டும் படிக்காதீர்கள். கெஸ்ட் கொடுத்த முகவரி பேஜின் நடுவில் தொடங்கினால் மீதி இரண்டாவது பிஆர்பியில் இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்திருக்கிறேன். ரேஞ்ச் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது: 0 என்று வந்தால் ஒரு ரேஞ்ச், 255 என்று வந்தால் 256. ஆனால் அந்த ரேஞ்சுக்குள் இருக்கும் நீளம் அப்படியில்லை. 8 என்றால் எட்டு பிளாக்தான். ரீட், ரைட் கமாண்டுகளில் நீளமும் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் கை பழகிப்போய் இங்கேயும் ஒன்றைக் கூட்டத் தோன்றும். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படித்தான் கூட்டி எழுதினேன். ஒவ்வொரு டிரிமும் அடுத்த ஃபைலின் முதல் பிளாக்கைச் சேர்த்துத் தின்றது. எந்தப் பிழையும் உடனே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு டேட்டாபேஸ் ஃபைலின் தலைப்பகுதி பூஜ்யமாக வந்து நின்றபோதுதான் தேட ஆரம்பித்தோம், கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம். அந்த வாரத்தில் என் கூட வேலை பார்த்தவர்கள் தங்கள் கோடில்தான் தவறு என்று நினைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. நீளம் பூஜ்யம் என்று வந்தால் அந்த ரேஞ்சைத் தாண்டிப் போங்கள். இதற்கென்று தனியாக ஒரு சோதனை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

எல்லைச் சோதனையிலும் கவனம் வேண்டும். தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி டிரைவின் அளவோடு ஒப்பிட்டால், தொடக்கம் மிகப் பெரிய எண்ணாக இருக்கும்போது கூட்டல் 64 பிட்டைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும். நீளம் டிரைவின் அளவுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அளவிலிருந்து நீளத்தைக் கழித்து, தொடக்கம் அதைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஞ்ச் பட்டியலைக் கெஸ்ட் மெமரியிலிருந்து ஒரே தடவை உங்கள் பஃபருக்கு நகலெடுத்து, அந்த நகலைத்தான் சோதிக்கவும் பயன்படுத்தவும் வேண்டும். சோதனைக்கு ஒரு தடவை, வேலைக்கு ஒரு தடவை என்று கெஸ்ட்டிடம் இருமுறை போனால், இடையில் கெஸ்ட் எண்ணை மாற்றிவிடலாம். எல்லை தாண்டிய ரேஞ்ச் வந்தால் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபடும். கியூஎம்யூ அந்த ஒரு ரேஞ்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஆலோசனைக் கமாண்ட் என்பதால் அது நியாயம்தான். ஆனால் புதிதாக எழுதும் எமுலேட்டரில், எல்லா ரேஞ்சையும் முதலில் சோதித்து, ஒன்று தவறினாலும் பிழை திருப்புவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். தவறு சத்தம் போட்டால்தான் உங்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது குடோனுக்குள் போவோம். உங்கள் லாஜிக்கல் பிளாக் 512 பைட், ஃப்ளாஷ் பேஜ் 4 கேபி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பேஜுக்கு எட்டு பிளாக். டிரிம் ரேஞ்ச் பேஜின் நடுவில் தொடங்கி இன்னொரு பேஜின் நடுவில் முடியலாம். விடுவிக்க வேண்டியது முழுசாக ரேஞ்சுக்குள் விழும் பேஜ்களை மட்டும்தான். தொடக்கத்தை எட்டால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள், முடிவை எட்டால் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்குங்கள். ரைட் பாதையிலிருக்கும் கோடை அப்படியே நகலெடுத்தால் இது தலைகீழாகிவிடும், ஏனென்றால் அங்கே தொட்ட பேஜ் எல்லாமே கணக்கில் வர வேண்டும். இந்தத் தவறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். இன்றைய பார்ட்டிஷன்கள் 1 எம்பி எல்லையில் தொடங்குகின்றன, எக்ஸ்ட்4 வழக்கமாக 4 கேபி பிளாக் வைக்கிறது, அதனால் எல்லாமே தற்செயலாகப் பொருந்திப் போய்விடும். வெளியே கொண்டுவர எளிய வழி, 512 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷனில் எக்ஸ்ட்4 போடுவது. அவ்வளவு சின்ன அளவுக்கு எம்கேஎஃப்எஸ் தானாகவே 1 கேபி பிளாக்கைத் தேர்ந்தெடுக்கும்.

விடுவிக்கும் பேஜ் ஒவ்வொன்றுக்கும் மேப்பிங் டேபிளில் பாருங்கள். ஏற்கெனவே மேப் ஆகவில்லை என்றால் தாண்டிப் போங்கள். ஒரே இடத்தை இரண்டு முறை டிரிம் செய்வது சகஜம், இரண்டாம் முறையும் எண்ணிக்கையைக் குறைத்தால் உயிருள்ள பேஜ் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மேப் ஆகியிருந்தால் மூன்று மாற்றம் தேவை. அந்த ஃபிசிக்கல் பேஜைச் செல்லாதது என்று குறிக்க வேண்டும், ஃபிசிக்கலிலிருந்து லாஜிக்கலுக்குப் போகும் எதிர்த்திசை டேபிளில் அந்த இடத்தைத் துடைக்க வேண்டும், முன்திசை டேபிளில் 'மேப் இல்லை' என்று எழுத வேண்டும். நடுவில் உள்ளதை நிறையப் பேர் மறக்கிறார்கள். பேஜ் செல்லாதது என்று குறித்திருந்தால் கார்பேஜ் கலெக்‌ஷன் அதைத் தொடாதுதான், ஆனாலும் பழைய எதிர்த்திசைக் குறிப்பு கிடந்தால் எந்த ஒத்திசைவுச் சோதனையும் உங்களுக்குப் பொய் சொல்லும்.

உங்கள் கார்பேஜ் கலெக்‌ஷன் எண்ணிக்கை ஏன் அசையவில்லை என்பதற்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. 2018இல் ஸ்டோரேஜ் ஆய்வுக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் அறிமுகமான ஃபெமுவில், எல்லாச் சிப்களிலும் ஒரே எண்ணுள்ள எரேஸ் பிளாக்குகளைச் சேர்த்து ஒரு 'லைன்' என்று வைத்திருக்கிறார்கள். முழுக்க உயிருள்ள லைன்கள் ஒரு பட்டியலில் இருக்கும். ஒரு பேஜாவது செத்த லைன்கள், உயிருள்ள பேஜ் குறைவாக இருப்பது முதலில் வருமாறு ஒரு முன்னுரிமை வரிசையில் இருக்கும். கார்பேஜ் கலெக்‌ஷன் அந்த வரிசையிலிருந்துதான் ஆளைப் பிடிக்கிறது. ஆக, டிரிம்மில் பேஜைச் செல்லாதது என்று குறிப்பதோடு வேலை முடியாது. அந்த லைனின் எண்ணிக்கை மாற வேண்டும், முன்னுரிமை வரிசையில் அதன் இடம் மாற வேண்டும், இதுவரை முழு லைனாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து வரிசையில் சேர்க்க வேண்டும். மேலெழுதும்போது பழைய பேஜைச் செல்லாததாக்க நீங்கள் எழுதிய ஃபங்ஷன் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும். டிரிம்மிலிருந்தும் அதையே கூப்பிடுங்கள், புதிதாக ஒன்று எழுத வேண்டாம். நீங்கள் கேட்ட ஃபங்ஷன் பெயருக்கு நேரடிப் பதில் வேண்டுமென்றால் அது இதுதான்.

எவ்வளவு லாபம் என்று உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். எரேஸ் பிளாக்குக்கு 256 பேஜ், 64 சிப். ஒரு லைனில் 16,384 பேஜ், அதாவது 64 எம்பி. அதில் பாதியைக் கெஸ்ட் அழித்துவிட்டது, ஆனால் டிரைவுக்குத் தெரியாது என்று வையுங்கள். கார்பேஜ் கலெக்‌ஷன் 8,192 பேஜை வீணாகத் தூக்கிச் சுமக்கும். சிப் ஒன்றுக்கு 128 பேஜ். படிக்க 40, எழுத 200 மைக்ரோ நொடி என்று நீங்கள் வைத்திருப்பதால், எல்லாச் சிப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் கிட்டத்தட்ட 31 மில்லி நொடி. அந்த லைனை அழிக்க ஆகும் நேரமே 2 மில்லி நொடிதான். அழிப்பதைப்போல் பதினைந்து மடங்கு நேரம், யாருக்கும் வேண்டாத சரக்கைத் தூக்குவதில் போகிறது. டிரிம் எதற்கு என்று யாராவது வைவாவில் கேட்டால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. உங்கள் எமுலேட்டரில், ஃபெமுவில் இருப்பதுபோலவே, இரண்டு தனி உலகங்கள் இருக்கின்றன. கெஸ்ட் எழுதும் உண்மையான பைட்டுகள் ஹோஸ்ட்டின் ராமில் எல்பிஏ வரிசைப்படி நேராகக் கிடக்கின்றன. மேப்பிங் டேபிள், லைன், கார்பேஜ் கலெக்‌ஷன் எல்லாம் நேரத்தைக் கணக்கிட மட்டும். அங்கே பேஜ் நகர்ந்தாலும் பைட் எதுவும் நகர்வதில்லை. அப்படியென்றால் மேப்பிங்கைத் துடைத்த பிறகு கெஸ்ட் அந்த இடத்தைப் படித்தால் என்ன கிடைக்கும்? பழைய டேட்டா அப்படியே கிடைக்கும். இது தவறா? நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐடென்டிஃபை நேம்ஸ்பேஸ் தகவலின் 33ஆம் பைட்டில் கடைசி மூன்று பிட்டுகள் இதைச் சொல்கின்றன. 0 என்றால் 'எதுவும் சொல்லவில்லை', 1 என்றால் விடுவித்த இடம் பூஜ்யமாகப் படிக்கும், 2 என்றால் எல்லா பிட்டும் ஒன்றாகப் படிக்கும். எதுவும் சொல்லாவிட்டால் பழைய டேட்டாவைத் திருப்பலாம். ஒரே நிபந்தனை, அடுத்து எழுதும்வரை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதே விடை வர வேண்டும். 1 என்று அறிவித்துவிட்டால், மேப்பிங்கைத் துடைக்கும் அதே கணத்தில் ராமிலும் அந்தப் பேஜைப் பூஜ்யமாக்கியாக வேண்டும்.

நான் 1ஐயே பரிந்துரைக்கிறேன். கூடுதலாக ஒரே ஒரு மெம்செட்தான் (மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்), ஆனால் இரண்டு உலகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். தவறு நேர்ந்தால் கண்ணில் படும். ஓரத்தில் பாதியாக நிற்கும் பேஜ்களை நாம் விடுவிக்கவில்லை, எனவே அவை பழைய டேட்டாவோடு இருக்கலாம். வாக்கு விடுவித்த பிளாக்குகளுக்கு மட்டும்தான். இதனால்தான் டிரைவைப் பயன்படுத்தும் பக்கம், டிரிம் செய்த இடம் பூஜ்யம் என்று நம்பக் கூடாது. லினக்ஸ் கர்னலே முன்பு அப்படி நம்புவதற்கு ஒரு வசதி வைத்திருந்து, 2017இல் 4.12 பதிப்பில் அதை எடுத்துவிட்டது. பூஜ்யம் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கு ரைட் ஜீரோஸ் என்று தனிக் கமாண்ட் இருக்கிறது.

அப்புறம் த்ரெட் விஷயம். கமாண்டை வாங்கும் த்ரெட் ஒன்று, மேப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் த்ரெட் வேறு என்று பிரித்திருந்தால், டிரிம்மும் ரைட் போகும் அதே வரிசையில் இரண்டாவது த்ரெட்டுக்குப் போகட்டும். முதல் த்ரெட்டிலேயே மேப்பிங்கைத் தொட்டால், ஒரு நாள் நள்ளிரவில் கார்பேஜ் கலெக்‌ஷன் நகர்த்திக்கொண்டிருக்கும் பேஜை நீங்கள் துடைப்பீர்கள். ரேஞ்ச் பட்டியலின் நகல் வேலை முடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். ஃபங்ஷனின் ஸ்டாக்கில் வைக்காதீர்கள். ரேஞ்ச்களை ஒரே நேரத்தில் அனுப்பி, அனுப்பும்போது ஒரு எண்ணைக் கூட்டி, ஒவ்வொன்றும் முடிய முடிய அதைக் குறைத்து, பூஜ்யம் ஆனதும் கமாண்ட் முடிந்தது என்று சொல்வது வழக்கமான முறை. அந்த எண்ணை 1இல் தொடங்குங்கள், எல்லா ரேஞ்சையும் அனுப்பிய பிறகு அந்த ஒன்றைக் குறையுங்கள். 0இல் தொடங்கினால் முதல் ரேஞ்ச் வேகமாக முடிந்துவிடும்போது மீதியை அனுப்புவதற்கு முன்பே கமாண்ட் முடிந்ததாகிவிடும். சிலர் வேகத்துக்காக முதலில் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டுப் பின்னணியில் டிரிம் செய்கிறார்கள். தயவுசெய்து இந்தப் பக்கம் போகாதீர்கள். முடிந்தது என்று கேட்ட கெஸ்ட் அதே இடத்தில் புது டேட்டா எழுதும். பிறகு வரும் உங்கள் டிரிம் அந்தப் புது டேட்டாவைக் கொன்றுவிடும். உண்மையான டிரைவ்களிலும் டிரிம் வரிசை சொதப்பியிருக்கிறது. சாட்டாவில் மற்றக் கமாண்டுகளோடு வரிசையில் போகும் டிரிம்மை, சில மாடல்களுக்கு மட்டும் லினக்ஸ் கர்னல் அணைத்தே வைத்திருக்கிறது.

கியூஎம்யூவில் இமேஜ் சுருங்காததற்குக் காரணம் பெரும்பாலும் எளியது. டிரைவை வரையறுக்கும் வரியில் டிஸ்கார்ட் என்ற விருப்பத்தை அன்மேப் என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கெஸ்ட் அனுப்பும் டிரிம்மைக் கியூஎம்யூ வாங்கிப் புறக்கணித்துவிடும். அதுதான் இயல்பு நிலை. கொடுத்த பிறகும் அளவு குறையவில்லை என்றால், எதைப் பார்க்கிறீர்கள் என்று பாருங்கள். ரா இமேஜில் கியூஎம்யூ ஃபைலில் துளை போடுகிறது. எல்எஸ் காட்டும் நீளம் மாறாது, டியூ காட்டும் இடம்தான் குறையும். அந்தத் துளை போடும் வசதி லினக்ஸுக்கு வந்தது 2011இல், 2.6.38 பதிப்பில். க்யூகவ்2 என்னும் கியூஎம்யூவின் சொந்த வடிவ இமேஜில் இன்னொரு அடுக்கு இருக்கிறது: இயல்பான கிளஸ்டர் அளவு 64 கேபி, முழுக் கிளஸ்டர் ரேஞ்சுக்குள் வந்தால்தான் விடுவிக்கும். 4 கேபி, 8 கேபி என்று சிதறலாக டிரிம் செய்தால் ஒன்றுமே குறையாமல் போகலாம். பேஜ் கணக்கில் நாம் மேலே பேசிய அதே ஓரப் பிரச்சினைதான் இங்கே பெரிய அளவில் வருகிறது.

இதுவரை சொன்னவற்றில் கமாண்டின் வடிவம், பிட்டுகள், படிக்கும்போது கிடைக்க வேண்டிய விடை எல்லாம் உறுதியானவை. இனி வருவது அப்படியல்ல. டிரிம்முக்கு எவ்வளவு நேரம் வசூலிப்பது என்று கேட்பீர்கள். உண்மையான டிரைவ்கள் இதில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. மேப்பிங் டேபிளை உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அது வெளியிலிருந்து தெரியாது. நான் செய்வது: ஃப்ளாஷ் நேரம் பூஜ்யம், பேஜ் ஒன்றுக்கு டேபிளைத் தொடும் சிறு செலவு மட்டும். ஆனால் அந்தச் செலவைப் பத்து மடங்கு ஏற்றியும் இறக்கியும் ஓட்டிப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறேன். மாறினால் உங்கள் முடிவு அந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு லைன் முழுக்கச் செத்துவிட்டால் உடனே அழிப்பதா, கார்பேஜ் கலெக்‌ஷன் வரும்வரை விடுவதா என்பதும் விருப்பத்துக்குரியது. நான் விட்டுவிடுவேன். முன்னுரிமை வரிசையில் அதுதான் முதலில் நிற்கும், நகர்த்த ஒரு பேஜும் இருக்காது, தானாகவே மலிவாக முடியும். டிரிம் பாதைக்குள் அழிப்பைக் கொண்டுவந்தால் நேரக் கணக்கு குழம்பும்.

மூன்று வாரம் போதும், வேலையை இப்படிப் பிரித்தால். முதல் வாரம் கமாண்டைப் படிப்பதும் எல்லைச் சோதனையும் மட்டும், டிரைவுக்குள் எதையும் தொடாமல், வந்த ரேஞ்ச்களை லாகில் அச்சிட்டுப் பாருங்கள். என்விஎம்இ-சிஎல்ஐ கருவியில் டிஎஸ்எம் (டேட்டாசெட் மேனேஜ்மென்ட்) கமாண்டை நேரடியாக அனுப்பலாம். ஒரு பிளாக், எட்டு பிளாக், ஒன்பது பிளாக் என்று அனுப்பி எண்கள் சரியா என்று பாருங்கள். இரண்டாம் வாரம் மேப்பிங்கும் ராமைப் பூஜ்யமாக்குவதும். கூடவே ஒரு ஒத்திசைவுச் சோதனை எழுதுங்கள்: முன்திசை டேபிளில் மேப் ஆன பேஜ்களின் மொத்தம், எல்லா லைன்களின் உயிருள்ள பேஜ்களின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டிரிம்முக்குப் பிறகும் ஓட்டுங்கள், மெதுவாக ஆனாலும் பரவாயில்லை. மூன்றாம் வாரம் முழுக்கச் சோதனை. டிரைவ் முழுவதும் தெரிந்த ஒரு வடிவத்தை எழுதி, நடுவில் ஒற்றைப்படை எல்லையில் விடுவித்து, இரு பக்கத்து அண்டை பிளாக்குகளும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபியோ என்னும் சோதனைக் கருவியில் ரைட்டையும் டிரிம்மையும் கலந்து ஓட்டலாம். பிறகு டிரைவை நிரப்பி, பாதி ஃபைல்களை அழித்து, எஃப்எஸ்டிரிம் ஓட்டி ஒரு முறை, ஓட்டாமல் ஒரு முறை திரும்ப எழுதி, கார்பேஜ் கலெக்‌ஷன் நகர்த்திய பேஜ்களை ஒப்பிடுங்கள்.

அந்த ஒப்பீட்டின்போது எஃப்எஸ்டிரிம்மை இரண்டாவது முறை ஓட்டினால் 0 பைட் என்று வரக்கூடும். பயந்து கோடைக் கலைக்காதீர்கள். எந்தெந்தப் பகுதி ஏற்கெனவே டிரிம் ஆனது என்று எக்ஸ்ட்4 நினைவில் வைத்திருக்கிறது, அதனால் திரும்ப அனுப்புவதில்லை. ஒருமுறை அன்மவுன்ட் செய்து மவுன்ட் செய்தால் மறுபடியும் எல்லாவற்றையும் அனுப்பும்.